கரண்ட் போன அந்த இருபது வினாடி: நெல்லைப் பக்கத்து பில்லிங் கவுண்ட்டர், ஒரு மதிப்புரை

பாளையங்கோட்டை, பெருமாள்புரம், கே.டி.சி. நகர், வள்ளியூர், அம்பாசமுத்திரம் என்று எங்கே போனாலும் நடுத்தர சூப்பர் மார்க்கெட்டின் பில்லிங் கவுண்ட்டரில் ஏறக்குறைய ஒரே செட்தான் இருக்கிறது. தொடுதிரைக் கம்ப்யூட்டர், 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், பணம் போடும் டிராயர், யுபிஐ சவுண்ட் பாக்ஸ், மேசைக்கு அடியில் ஒரு 600 வி.ஏ. யுபிஎஸ். பருப்பு, காய்கறிப் பக்கம் லேபிள் அடிக்கும் தராசு. விற்க வருகிறவர் இதை ஓட்டிக் காட்டும்போது கரண்ட் இருக்கும், நெட் இருக்கும், கூட்டம் இருக்காது. அப்போது எந்தச் செட்டும் நன்றாகத்தான் ஓடும். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது கரண்ட் போனால் இதில் எது தாங்குகிறது, எது கைவிடுகிறது, பில் போடாத பொருள் வெளியே போகாமல் எது காக்கிறது என்பதை வைத்துத்தான் இங்கே மதிப்பிட்டிருக்கிறோம்.

நம் பக்கத்தில் மின்வெட்டு இரண்டு விதம். துணை மின் நிலையப் பராமரிப்புக்காக முன்கூட்டியே பத்திரிகையில் போட்டு, காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையும் சில நாள் மாலை வரையும் நிறுத்துவது ஒன்று. இதனால் கடைக்குப் பெரிய சேதம் இல்லை. டீசல் வாங்கி வைக்கவும், பேட்டரி பார்க்கவும் நேரம் கிடைக்கிறது. மற்றது ஆடிக் காற்றில் கம்பி உரசி ஃபீடர் (துணை மின் நிலையத்திலிருந்து வரும் மின்தடம்) டிரிப் ஆகி மூன்று வினாடியில் திரும்பி வருவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்னலுக்கு ஐந்து நிமிஷம் போய் வருவது. பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாலை சுற்றுகிறது, கூடங்குளத்தில் 1000 மெகாவாட் அலகு இரண்டு ஓடுகிறது, நமக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்கிறவர்கள் உண்டு. மின்சாரம் எங்கே பிறக்கிறது என்பதற்கும் தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கும் சம்பந்தம் குறைவு. கடைசி இரண்டு கிலோமீட்டர் 11 கே.வி. கம்பியும் அதன் மேல் சாயும் வேப்பங்கிளையும்தான் கடையின் விதியைத் தீர்மானிக்கின்றன. பில்லிங் செட்டைக் கெடுப்பது ஐந்து மணி நேர நிறுத்தம் இல்லை, இந்த மூன்று வினாடி வெட்டும், ஜெனரேட்டர் பிடிக்கும் வரையான இருபது வினாடியும்தான்.

முதலில் யுபிஎஸ். 600 வி.ஏ. என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பெரும்பாலானவை தருவது 360 வாட். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-அவர். வேகமாக உறிஞ்சும்போது அதில் பாதிதான் உருப்படியாகக் கிடைக்கும். பழைய டெஸ்க்டாப், மானிட்டர், பிரிண்டர் சேர்ந்து 130 வாட் இழுத்தால் 20 நிமிஷம். ஒரே உடம்பாக வரும் தொடுதிரை மாடல் 35 முதல் 40 வாட்தான் எடுக்கும். பிரிண்டர், ஸ்கேனர் சேர்த்தும் சராசரி 50 வாட். அதே யுபிஎஸ் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பெரிய பேட்டரி வாங்குவதைவிட கம்ப்யூட்டரை மாற்றுவது பல கடைகளுக்கு லாபம்.

பேட்டரியின் ஆயுள் நம் ஊர் வெயிலில் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. மேசைக்கு அடியில், காற்றுப் போகாத மரப் பலகைக்குள், அட்டைப்பெட்டிக் குப்பையோடு வைத்திருக்கும் யுபிஎஸ் பேட்டரி இரண்டாவது கோடையைத் தாண்டுவது அபூர்வம். பேட்டரி மாற்றிய தேதியை மார்க்கரில் யுபிஎஸ் மேலேயே எழுதி வைத்து, 24 மாதம் ஆனதும் கேள்வி கேட்காமல் மாற்றிவிட வேண்டும். ஆயிரம் ரூபாய் சுமாரில் முடிகிற வேலை.

அடுத்தது அடிக்கடி பார்க்கிற, மிக எளிதாகத் தவிர்க்கக்கூடிய தவறு. கவுண்ட்டர் நான்குக்கும் யுபிஎஸ் இருக்கும். அவற்றை சர்வரோடு இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச், பின்னால் ஸ்டாக் அறைச் சுவரில், நேராகக் கரண்ட்டில் சொருகியிருக்கும். கரண்ட் போனதும் நான்கு திரையும் எரிகிறது, ஒன்றிலும் பில் போட முடிவதில்லை. சாஃப்ட்வேர் சரியில்லை என்று விற்றவருக்குப் போன் போகும். சுவிட்ச், ரௌட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் சேர்ந்து 30 வாட்கூட வராது. அவற்றுக்கென்று தனியாக 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கி மாட்டினால் தீர்ந்தது. ஆனாலும் தெருவில் கேபிள்காரர் வைத்திருக்கும் பெட்டிக்கும் கரண்ட் போகும் என்பதால், வேறு கம்பெனி சிம் போட்ட 4ஜி டாங்கிள் ஒன்று ரௌட்டரில் இருக்க வேண்டும்.

ஜெனரேட்டர் இருக்கிற கடையில் இன்னொரு கோளாறு: ஜெனரேட்டர் ஓடுகிறது, யுபிஎஸ் கூவிக்கொண்டே இருக்கிறது, இருபது நிமிஷத்தில் கவுண்ட்டர் அணைகிறது. காரணம் ஃபிரீக்வென்சி, அதாவது கரண்ட்டுக்கு வினாடிக்கு எத்தனை சுழற்சி என்பது. கவர்னர் (என்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் பாகம்) தேய்ந்த ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸைச் சுற்றி அலைபாயும். மூன்று ஃப்ரீஸர் கம்ப்ரஸரும் ஒன்றாகக் கிளம்பினால் வோல்டேஜும் சரியும். அந்தக் கரண்ட்டை யுபிஎஸ் ஏற்காமல் பேட்டரியிலேயே நிற்கும். மெக்கானிக்கை அழைத்து கவர்னரைச் சரி செய்யலாம், யுபிஎஸ்ஸில் ஜெனரேட்டர் பயன்முறை இருந்தால் அதைப் போடலாம். எப்படியிருந்தாலும் ஃப்ரீஸர்களை இரண்டு மூன்று நிமிஷ இடைவெளியில் ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். ஃப்ரீஸர் கதவைத் திறக்காதவரை அந்த ஐந்து நிமிஷத்தில் ஐஸ்கிரீம் உருகிவிடாது.

ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் தொடுதிரை தானாகவே பட்டன் அமுக்குகிறது, விரல் படாமலே அளவு 1 என்பது 11 ஆகிறது என்றால் திரையைக் குறை சொல்லாமல் எர்த்தைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் எர்த் குழி காய்ந்து போகும். பாறையும் செம்மண்ணுமாக இருக்கிற இடங்களில் இன்னும் மோசம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்து அளந்தால் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சின்னக் கடைக்கு ஜெனரேட்டரே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சைன் வேவ் இன்வெர்ட்டர் ஒன்று, 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி ஒன்று. 1800 வாட்-அவரில் 80 சதவீதம் எடுத்து, மாற்றத்தில் போகிற இழப்பைக் கழித்தால் 1150 வாட்-அவர் சுமாராக நிற்கும். மூன்று கவுண்ட்டர், சுவிட்ச், கேமரா எல்லாம் 230 வாட் என்றால் பேட்டரி புதிதாக இருக்கும்வரை நாலரை முதல் ஐந்து மணி நேரம். பராமரிப்பு நாளின் காலை 9 முதல் 2 வரை அப்படியே ஓடிவிடும். ஆனால் இன்வெர்ட்டருக்குப் பின்னாலும் கவுண்ட்டர் யுபிஎஸ் இருக்கட்டும். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தில் கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பினால் எல்லாம் வீண்.

கண நேரம் என்றதும் பில்லுக்கு வருவோம், இங்கேதான் காசு கரைகிறது. பில் ‘சேவ்’ ஆகிவிட்டது, அச்சாகவில்லை, திரை அணைந்தது. கரண்ட் வந்ததும் கவுண்ட்டரில் இருக்கிற பிள்ளை எல்லாப் பொருளையும் முதலிலிருந்து அடிக்கிறது. இப்போது ஒரே சாமானுக்கு இரண்டு பில். ஸ்டாக் இரண்டு தடவை குறைகிறது, ராத்திரி கணக்கில் பணம் குறைகிறது, கடைசியில் அந்தப் பிள்ளையின் சம்பளத்தில் கை வைக்கிறார்கள். அநியாயம். திரை வந்ததும் முதல் வேலை ‘கடைசி பில்’ பார்ப்பது. தொகையும் பொருள் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் மறுஅச்சு எடுக்க வேண்டும். அதில் ‘நகல்’ என்று விழ வேண்டும். இந்த வசதி ஒரே பட்டனில் இல்லாத சாஃப்ட்வேரை வாங்காதீர்கள். பாதியில் நின்ற பில் அப்படியே திரும்பி வருகிறதா என்பதும் அதே அளவு முக்கியம். ஒவ்வொரு ஸ்கேனையும் அப்போதைக்கப்போதே டிஸ்க்கில் எழுதும் சாஃப்ட்வேரில் வரும். மெமரியில் வைத்துக்கொண்டு கடைசியில் எழுதுவதில் வராது.

தேதிக் குழப்பம் ஒன்றும் உண்டு. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி செத்துப்போனால், கரண்ட் முழுதாகப் போய் வந்ததும் கம்ப்யூட்டர் பல வருஷம் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் பில் விழுந்தால் ஜிஎஸ்டி கணக்கில் வரிசை உடையும். விலை ஐம்பது ரூபாய்க்குள். யுபிஎஸ் பேட்டரியோடு சேர்த்தே மாற்றிவிடலாம்.

பண டிராயரைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: அதற்குத் தனியாக மின் இணைப்பு கிடையாது. பிரிண்டரிலிருந்து போகும் ஒயரில் வரும் 24 வோல்ட் மின் துடிப்பில்தான் பூட்டு திறக்கிறது. பிரிண்டர் அணைந்தால் டிராயர் திறக்காது. சாவி முதலாளி வீட்டில் இருந்தால் சில்லறை கொடுக்க வழியில்லை. அதற்குப் பயந்து டிராயரைத் திறந்தே வைக்கிற கடைகளில், இருட்டில் அது யாருக்கும் நல்லதில்லை. பிரிண்டர் கட்டாயம் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்; தெர்மல் பிரிண்டர் அச்சடிக்கும் நொடியில் ஐம்பது, அறுபது வாட்தான் எடுக்கும், தாங்கும். லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டிவிடாதீர்கள்.

லேபிள் தராசுக்குத் தனிப் பத்தி வேண்டும், ஏனென்றால் மின்வெட்டும் நேர்மையும் ஒன்றாகச் சந்திக்கிற இடம் அது. கம்பெனி பாக்கெட்டில் 890 என்று தொடங்கும் 13 இலக்கம் இருக்கும். அது இந்தியாவில் பதிவான எண். கடைக்குள் அடிக்கும் லேபிள் 2 என்று தொடங்கும். எடுத்துக்காட்டாக 2100347012501: 21 என்பது எடைப் பொருள் என்ற குறி, 00347 பொருளின் எண், 01250 என்பது 1250 கிராம், கடைசி 1 சரிபார்ப்பு இலக்கம். இதில் பொருளின் எண்ணை மாற்றி அழுத்தினால் அண்டிப்பருப்பு (முந்திரி) நிலக்கடலை விலைக்குப் போகும். தக்காளிக்கு ஒட்டிய லேபிளை உரித்துக் கருப்பட்டிப் பொட்டலத்தில் ஒட்டுகிறவர்களும் உண்டு. மெஷினுக்கு இது தெரியாது. அது எண்ணைத்தான் படிக்கும். திரையில் பெயர் பெரிய எழுத்தில் தமிழில் வர வேண்டும், கவுண்ட்டரில் இருப்பவர் ‘கருப்பட்டி ஒண்ணேகால் கிலோ’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிற வழக்கம் இருக்கிற கடையில் லேபிள் மாறுவது நின்றுவிடும். உரித்தால் கிழிகிற லேபிள் தாள் வாங்கினால் இன்னும் நல்லது.

கரண்ட் போய் வந்ததும் தராசு தன் பூஜ்யத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் தட்டில் பருப்புச் சட்டி இருந்தால் அதையே பூஜ்யமாக எடுத்துக்கொண்டு பிறகு தப்பாகக் காட்டும். தட்டைக் காலி செய்து, பூஜ்யம் பார்த்து, ஒரு கிலோ படிக்கல் வைத்துச் சரிபார்த்த பிறகே நிறுக்க வேண்டும். தராசில் அரசு போடும் ஆண்டு முத்திரை இருந்தாலும் இது தினசரிக் கடமை. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. காலையில் விலை மாற்றியபோது நெட்வொர்க் அறுந்திருந்தால் தராசின் நினைவில் பழைய விலையும் கவுண்ட்டரில் புதிய விலையும் இருக்கும். லேபிளில் 84 ரூபாய், பில்லில் 91. வாங்க வந்தவர் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார், அவர் நினைப்பதில் தப்பில்லை. அப்படி வந்தால் குறைந்த விலையையே வாங்கிக்கொள்வது என்று கடை எழுதி ஒட்டிவிட வேண்டும். நேர்மையை வாங்குகிறவரிடம் மட்டும் எதிர்பார்ப்பது சரியில்லை.

யுபிஐ பக்கம் சவுண்ட் பாக்ஸ்தான் இந்தச் செட்டிலேயே நாங்கள் அதிகம் நம்புகிற பொருள். தன் பேட்டரி, தன் சிம். கடைக்குக் கரண்ட் போனாலும் பேசும். போலி ஆப்பில் பச்சை டிக் காட்டி ஏமாற்றுவதற்கு அதன் சத்தமே நல்ல காவல். ஆனால் டவர் திணறினால் சத்தம் வராது. ‘அக்கா, சத்தம் வரலியே’ என்று பிள்ளை சொல்ல, ‘எனக்குக் காசு போயிருச்சுப்பா’ என்று அவர்கள் சொல்ல, வரிசை நிற்கும். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மை. வாங்கினவர் போனில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு கடையின் வணிகர் ஆப்பில் ஒப்பிட வேண்டும். கடைக்கு வராமல் போன பணம், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் அவர் கணக்கிலேயே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. இதை அச்சடித்து கவுண்ட்டரில் வைத்தால் பாதி வாக்குவாதம் எழாது. போன் ஆப்பில் முன்கூட்டியே சிறு தொகை ஏற்றி வைக்கும் யுபிஐ லைட்டில் 1,000 ரூபாய் வரை பின் போடாமல் போகும். வங்கி சர்வர் திணறும்போது அது கை கொடுக்கும். சிக்னலே இல்லை என்றால் சாதாரண யுபிஐ லைட்டும் ஓடாது.

திரையில் தொகையோடு வரும் கியூஆர் நல்லதுதான். திரை அணைந்தால் அதுவும் போய்விடும் என்பதால் அச்சடித்த கியூஆர் அட்டையும் இருக்கட்டும். தினமும் கடை திறந்ததும் அதன் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, ஒரு ரூபாய் போட்டுச் சத்தம் கேட்க வேண்டும்.

வாசல் கேட்டைப் பற்றிச் சுருக்கமாக. பொருளில் ஒட்டிய 8.2 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ ஸ்டிக்கர் பில் போடாமல் வாசலைத் தாண்டினால் கத்தும் அலாரம் கேட் மளிகைக்கு அவ்வளவு பொருத்தம் இல்லை. குழந்தைப் பால்பவுடர் டின், நெய் டின் மாதிரி உலோகத்தில் ஒட்டினால் ஸ்டிக்கர் வேலை செய்யாது. காக்க வேண்டிய விலை உயர்ந்த பொருளே அவைதான். ஜெனரேட்டருக்கு மாறும்போதும் மலிவான எல்இடி விளக்குப் பக்கத்திலும் காரணமில்லாமல் கத்தும். ஒன்றும் எடுக்காத ஒரு பெரியவரை நடுக்கடையில் நிறுத்தி வைக்கிற அவமானம், போகிற நெய் பாட்டிலைவிடப் பெரிய நஷ்டம். துணிக்கடைக்கு அது சரி.

மளிகைக்கு வாசலில் நிற்கும் ஆள்தான் சரி. அவருக்குக் கரண்ட் வேண்டாம். பில்லின் கீழே ‘மொத்தப் பொருள் 17’ என்று பெரிதாக விழ வேண்டும். அவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, பில்லில் துளை போட்டு அனுப்ப வேண்டும். பையைக் கொட்டக் கூடாது. 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு பலர் சொந்தப் பை கொண்டுவருகிறார்கள். அதில் அவர்கள் வேறு கடையில் வாங்கிய சாமானும் இருக்கும். உள்ளே வரும்போதே டோக்கன் கொடுத்து அந்தச் சாமானை வாங்கி வைத்தால் வெளியே போகும்போது கேள்வி இல்லை. ‘அண்ணாச்சி, ஒரு சோப்பு பில்லுல விடுபட்டிருக்கு, போட்டுரலாமா?’ என்ற ஒரு வாக்கியத்தை அவருக்குப் பழக்க வேண்டும். விடுபட்டதற்குப் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பாக்கெட், கவனிக்காமல் போன ஒரு பீப் சத்தம்தான் காரணம். வீட்டுக்குப் போய்ப் பார்த்து, ‘இதுக்கு பில் போடலப்பா’ என்று திரும்பக் கொண்டுவருகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்குக் கடை எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும்.

கரண்ட் போனதும் ஷட்டரைப் பாதி இறக்குகிற கடைகள் இருக்கின்றன. செய்யாதீர்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு எமர்ஜென்சி விளக்கு போதும். கேமரா விஷயத்தில் டிவிஆர் (படத்தைப் பதியும் பெட்டி) யுபிஎஸ்ஸில் இருக்கும், கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கும் 12 வோல்ட் பெட்டி அதில் இருக்காது. இருட்டான அந்த நிமிஷங்களுக்குக் கறுப்புத் திரை மட்டும் பதிவாகியிருக்கும். இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டி, டிவிஆர் கடிகாரத்தையும் பில் கடிகாரத்தையும் வாரம் ஒருமுறை ஒன்றாக்குங்கள். ஏழு நிமிஷ வித்தியாசம் இருந்தால் தப்பான ஆளைச் சந்தேகப்பட நேரும்.

வாங்குகிறவரே ஸ்கேன் செய்யும் கவுண்ட்டரை நம் ஊருக்குக் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். இப்போதைக்கு வேண்டாம். ஸ்கேன் செய்த பொருளின் எடையைப் பை வைக்கும் தட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதன் நேர்மைச் சோதனை. கரண்ட் கண் சிமிட்டினால் தட்டு மறுபடி பூஜ்யம் பிடிக்கும். பாதிச் சாமான் அதன் மேல் இருக்கும். சொந்தத் துணிப்பையின் எடையும் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. பார்கோடு இல்லாத கருப்பட்டி, வத்தல், அம்பை 16 அரிசி என்று பாதிக் கூடை எடைச் சாமான். மின்வெட்டுத் தொல்லை குறைந்த இங்கிலாந்திலேயே பூத்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் 2023இல் இரண்டு கடைகளைத் தவிர மற்றவற்றில் இதை எடுத்துவிட்டு ஆட்களை அமர்த்தியது. கேமராவை வைத்துக் கவுண்ட்டரே இல்லாமல் செய்த அமேசானும் 2024இல் அமெரிக்காவில் தன் பெரிய மளிகைக் கடைகளில் அந்த முறையைக் கைவிட்டது.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது கரண்டும் டவரும் சேர்ந்தே போயின. அப்படிப்பட்ட நாளுக்குக் கார்பன் வைத்த பில் புத்தகம் ஒன்று தனி வரிசை எண்ணோடு இருக்க வேண்டும். ஒரே நிதியாண்டில் எண் திரும்ப வராதபடி, 16 எழுத்துக்குள், ‘கை-001’ என்பது போலப் போட்டு, கரண்ட் வந்ததும் அதே எண்ணில் கணக்கில் ஏற்றலாம். 200 ரூபாய்க்குக் கீழே, ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் பில் கேட்காவிட்டால், நாள் முடிவில் மொத்தமாக ஒரே பில் போட விதியில் இடம் உண்டு. பாக்கெட்டில் அதிகபட்ச விலை அச்சாகியிருக்கும். சீனி, பருப்பு, அரிசி, கருப்பட்டி போன்ற எடைச் சாமானுக்கு மட்டும் விலைப் பட்டியல் ஒன்றை வாரா வாரம் அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். உள்ளே பேட்டரியோடு வரும் சாதாரணத் தராசு ஒன்றும் சார்ஜோடு இருக்கட்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் விற்க வந்தவரை வைத்தே இதைச் செய்யச் சொல்லுங்கள். இருபது பொருள் கொண்ட பில்லில் பன்னிரண்டாவது பொருளை ஸ்கேன் செய்ததும் மெயின் சுவிட்சை இறக்குங்கள். திரை, பிரிண்டர், சர்வர் தொடர்பு மூன்றும் நிற்கிறதா, டிராயர் திறக்கிறதா பாருங்கள். பிறகு யுபிஎஸ் பட்டனையும் அணைத்து, ஒரு நிமிஷம் கழித்துப் போடுங்கள். பன்னிரண்டு பொருளும் அப்படியே இருக்கின்றனவா, பில் எண் தாவாமல் வருகிறதா, தேதி சரியா என்று பார்த்து, நெட் ஒயரைப் பிடுங்கி இன்னொரு பில் போடச் சொல்லுங்கள். மொத்தம் பத்து நிமிஷம் ஆகும். செய்து காட்டத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.